ஓயாத எதிர்ப்பு: நாட்பட்ட நுரையீரல் நோயில் பாக்டீரியாத் தொற்று

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிடப்பட்ட அச்சு வடிவம்)



நெஞ்சுநோய்ப் புறநோயாளர் பிரிவில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்: “டாக்டர், உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. அதான் சளி விடவே மாட்டேங்குது. சத்துக்கு ஏதாவது எழுதிக் குடுங்க.” வருடக்கணக்காகக் கட்டிச் சளி துப்புகிறவர், மழைக்காலம் வந்தாலே மருத்துவமனையில் சேர்கிறவர், படி ஏறினால் மூச்சிரைக்கிறவர் என்று எல்லோருமே இப்படிச் சொல்கிறார்கள். மருத்துவர்களாகிய நாமும் பல நேரம் தலையசைத்து ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இன்று நான் நிறுவ விரும்புவது இதற்கு நேர்மாறான ஒன்று. நாட்பட்ட நுரையீரல் நோயில் பாக்டீரியாத் தொற்றோடு வாழும் பெரும்பாலோரிடம் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதில்லை. தேவைக்கு மேலாகவே அது வந்து குவிகிறது. குவிந்தும் வேலையை முடிக்க முடிவதில்லை; வேலை முடியாததால் ஓய்வதும் இல்லை. நுரையீரல் சிதைவதில் கிருமிக்கு உள்ள பங்கைவிட இந்த ஓயாமைக்கு உள்ள பங்கு பெரிது. சிகிச்சையைப் பற்றி நாம் யோசிக்கும் முறை இதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிவு. மூச்சுக்குழல் விரிவு நோயை, அதாவது மருத்துவச் சீட்டில் பிராங்கியெக்டேசிஸ் என்று எழுதப்படும் நோயை, முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். புகையால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, ஆங்காங்கே உடன் வரும்.

1. தேக்கம்

ஒரு நாளில் நாம் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். தூசியும் நுண்ணுயிரும் அதனோடு உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கின்றன. இருந்தும் நல்ல நுரையீரலில் தொற்று எப்போதோதான் வருகிறது. இதற்கு முதல் நன்றி வெள்ளணுக்களுக்கு உரியதன்று. மூச்சுக்குழல் சுவரில் அடர்ந்திருக்கும் நுண்ணிழைகளுக்கு உரியது. நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அவை அசைந்து, மேலே படர்ந்த சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அங்கே நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். அழற்சியே இல்லாமல் நடக்கும் காவல் இது.

ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்தான் 1819இல் மூச்சுக்குழல் விரிவு நோயையும் விரிவாக எழுதினார். அந்த நோயில் குழலின் சுவர் தளர்ந்து விரிகிறது, இழைகள் உதிர்கின்றன. ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் குட்டையாகிவிடுகிறது. தேங்கிய சளியில் ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியா குடியேறுகிறது; நோய் முற்றியவர்களிடம் சூடோமோனாஸ் வந்து சேர்கிறது. சூடோமோனாஸ் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழும். ஒற்றை பாக்டீரியாவை எளிதாக விழுங்கும் வெள்ளணுவால் இந்தக் கூட்டத்தை விழுங்க இயலாது.

லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் கோல் 1986இல் இதை ஒரு தீய சுழலாக விளக்கினார். தொற்று அழற்சியைத் தூண்டும். அழற்சி சுவரைச் சிதைக்கும். சிதைந்த இடத்தில் சளி தேங்கும். தேக்கம் மீண்டும் தொற்றை அழைக்கும். இந்த விளக்கத்தை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் சுழலைச் சுழற்றும் விசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை வகுப்பறையில் போதிய அளவு எழுப்புவதில்லை என்பது என் ஆதங்கம்.

2. பச்சை நிறம் யாருடையது

விசை எங்கிருக்கிறது என்பதைச் சளியின் நிறமே காட்டிக்கொடுக்கிறது. சளி மஞ்சளாகி, பச்சையாக மாறினால் கிருமி பெருகிவிட்டது என்கிறோம். அந்தப் பச்சையில் பெரும்பகுதி கிருமியின் நிறமே இல்லை. சூடோமோனாஸ் நீலப்பச்சை நிறமி ஒன்றைச் சுரப்பது உண்மைதான். ஆனாலும் பொதுவாகச் சளிக்குப் பச்சை நிறம் தருவது மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி. அது நியூட்ரோஃபில் என்ற நம் வெள்ளணுவின் துகள்களுக்குள் இருப்பது. பச்சை கூடக்கூட, வந்து மடிந்த நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று பொருள். எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே வற்றியவர்களைப் பாருங்கள். புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியவருக்கு நிமோனியா வந்தால் சீழ்ச்சளி அதிகம் வராது. கிண்ணம் கிண்ணமாகப் பச்சைச் சளி துப்புகிறவரிடம் எதிர்ப்பாற்றல் இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

நியூட்ரோஃபிலை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். என் வாதத்தின் மையம் இதுவே. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவற்றின் துகள்களில் எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ் 3 என்ற மூன்று புரதவெட்டி நொதிகள் அடைபட்டிருக்கின்றன. விழுங்கிய கிருமியை அணுவுக்குள்ளேயே வைத்துச் சிதைப்பதற்காக அமைந்தவை இவை. அணு வெடித்தாலோ விழுங்க முடியாமல் தடுமாறினாலோ அவை வெளியே கசிகின்றன. இறக்கும் நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலையாக விரித்துக் கிருமியைப் பிடிக்கும் என்பதை 2004இல் பெர்லினில் பிரிங்க்மனும் சைக்லின்ஸ்கியும் காட்டினார்கள். அந்த வலையிலும் எலாஸ்டேஸ் ஒட்டியிருக்கிறது. சளி பிசின்போல இழுபடுவதற்கு இந்த டிஎன்ஏவும் ஒரு காரணம்.

வெளியே கசிந்த எலாஸ்டேஸைக் கட்டிப்போட, கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைச் சுரந்து இரத்தத்தில் அனுப்புகிறது. இதன் அருமை தெரியவந்தது ஒரு தற்செயலால். 1963இல் சுவீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், ஏறத்தாழ 1,500 இரத்த மாதிரிகளின் புரதப் பட்டைகளைப் பார்த்து வந்தபோது ஐந்து மாதிரிகளில் ஒரு பட்டை இல்லாததைக் கவனித்தார்கள். அந்த ஐந்து பேரில் மூவருக்கு நுரையீரல் காற்றறைகள் சிதைந்திருந்தன. தடுக்கும் புரதம் இல்லாவிட்டால் உடலின் சொந்த நொதியே நுரையீரலைக் கரைத்துவிடும் என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. மூச்சுக்குழல் விரிவு நோயில் தடுப்புப் புரதம் பிறவியிலேயே இல்லாமல் போவதில்லை. சளியில் கொட்டிக்கிடக்கும் எலாஸ்டேஸின் அளவு அதை மீறிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்படிக் கட்டறுந்த எலாஸ்டேஸ் என்ன செய்கிறது? சுவரின் மீள்தன்மைக்கு ஆதாரமான எலாஸ்டினை வெட்டுகிறது. இழைகளின் அசைவை மந்தமாக்குகிறது. சளிச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. சுவரணுக்களைத் தூண்டி, மேலும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும் ஐஎல்-8 என்ற சமிக்ஞையைச் சுரக்கச் செய்கிறது. இவற்றைக் காட்டிலும் கொடியது அடுத்தது. கிருமியின் மேல் ஒட்டி, விழுங்கத்தக்கது என்று அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளையும் நிரப்புப் புரதத்தையும் அது நறுக்குகிறது. அந்த அடையாளத்தை உணரும் நியூட்ரோஃபிலின் ஏற்பிகளையும் நறுக்குகிறது. கிருமியின் பக்கத்திலேயே வெள்ளணு நிற்கிறது. ஆனால் அதைப் பற்ற முடிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மடிந்த நியூட்ரோஃபில்களைப் பெருவிழுங்கி அணுக்கள் அள்ளி அப்புறப்படுத்துவதுதான் அழற்சி முடியும் இயல்பான வழி. அள்ளும்போதே அந்த அணுக்கள் அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகளையும் தருகின்றன. மடிந்த அணுவை இனங்காண உதவும் ஏற்பியையும் எலாஸ்டேஸ் வெட்டிவிடுவதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. சிஓபிடி நோயாளிகளின் பெருவிழுங்கிகளோ புகையால் ஏற்கெனவே தளர்ந்தவை. அவற்றுக்கு ஹீமோஃபிலஸை விழுங்கும் திறனும் மடிந்த அணுக்களை அள்ளும் திறனும் குறைகின்றன. விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த நம் கிராமத்துப் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். பீடி பிடிக்காதவருக்கு சிஓபிடி வராது என்று நினைத்து அவர்களை வெறும் ஆஸ்துமா என்று அனுப்பிவிடுகிறோம்.

3. எதிர்ப்பொருள் கூடினால் நல்லதா

எதிர்ப்பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது பொது நம்பிக்கை. தடுப்பூசி விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. நாட்பட்ட தொற்றில் கதை வேறு. கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹோய்பி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களை 1970களில் தொடர்ந்து கவனித்தார். சூடோமோனாஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெருகப் பெருக நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டார். கிருமியும் எதிர்ப்பொருளும் சேர்ந்த கூட்டுகள் திசுவில் படிந்து மேலும் நியூட்ரோஃபில்களை இழுத்துவந்தன. 1980இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. இதே நோயில் எதிர்ப்பொருள் அளவு குறைந்திருந்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பும் குறைவாக இருந்தது.

2014இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் இன்னும் விநோதமான ஒன்றைக் கண்டனர். மூச்சுக்குழல் விரிவு நோயாளிகள் சிலரிடம் ஐஜிஜி2 வகை எதிர்ப்பொருள் சூடோமோனாஸின் மேல் அளவுக்கு மீறிப் படிந்து, நிரப்புப் புரதம் கிருமியைத் துளைக்க முடியாதபடி போர்வையாகிவிட்டிருந்தது. அத்தகையோருக்கு நோயும் கடுமை. பிற்பாடு இரு நோயாளிகளின் இரத்த நீரை வடித்து அந்த எதிர்ப்பொருளை நீக்கியபோது அவர்கள் நிலை தேறியது.

எதிர்ப்பொருள் எல்லாமே தீங்கு என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பஃபலோ நகரில் சஞ்சய் சேதியும் சக ஆய்வாளர்களும் சிஓபிடி நோயாளிகளைத் தொடர்ந்து பரிசோதித்து 2002இல் எழுதினார்கள். சளியில் முன்பு இல்லாத புதிய பாக்டீரியா ரகம் ஒன்று தென்பட்ட வருகைகளில் 33 சதவீதத்தில் நோய் தீவிரமடைந்திருந்தது. தென்படாத வருகைகளில் 15.4 சதவீதத்தில். பழகிய ரகத்தை ஓரளவு கட்டுக்குள் வைக்க உடல் கற்றுக்கொள்கிறது. புதிய ரகத்தின் முன் அந்தக் கல்வி உதவுவதில்லை.

4. காசநோயின் குகை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மேலை நாடுகளில் தெரியவந்தவை. நம் மண்ணுக்கு வருவோம். இந்தியாவின் 31 மையங்களில் 2,195 மூச்சுக்குழல் விரிவு நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் 35.5 சதவீதத்தினருக்குக் காசநோயே மூலகாரணமாக இருந்தது. ஐரோப்பாவின் பதிவேடுகளில் இப்படி இல்லை. நம்மூரில் இந்த நோய் பெருமளவுக்குக் காசநோய் விட்டுச்சென்ற எச்சம்.

காசநோய் நுரையீரலில் குகை தோண்டுகிறது என்கிறோம். தோண்டுவது யார்? காசநோய்க் கிருமியிடம் நுரையீரலின் கொலாஜன் நாரை வெட்டும் வலுவான நொதி இல்லை. அதை வெட்டுபவை நம் பெருவிழுங்கிகளும் நியூட்ரோஃபில்களும் சுரக்கும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள். இதற்கு மிகத் தெளிவான சாட்சி எச்ஐவி. எதிர்ப்பணுக்கள் மிகக் குறைந்துபோன எச்ஐவி நோயாளிக்குக் காசநோய் வந்தால் உடலெங்கும் கிருமி பரவும், உயிருக்கே ஆபத்து வரும். ஆனால் எக்ஸ்ரேயில் குகை அரிதாகவே தெரியும். குகை உருவாக எதிர்ப்பாற்றல் வேண்டும்.

சென்னைக்குக் காசநோய் வரலாற்றில் தனிப் பெருமை உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு, வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்தாலும் சானடோரியத்தில் படுத்து எடுத்ததற்கு ஈடாகக் குணமாகும் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதனால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கிருமி செத்தபின் மீந்த குகையையும் விரிந்த குழலையும் யார் பார்ப்பது? ஆறு மாத மருந்து முடிந்ததும் அட்டையில் குணமடைந்தார் என்று எழுதுகிறோம். சில ஆண்டுகளில் அவர் சளியோடும் மூச்சிரைப்போடும் திரும்பி வருகிறார். மறுபடியும் காசநோய் என்று எண்ணி மறுபடியும் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. என்னை மிகவும் வருத்துவது இந்த இடமே.

5. கிருமியைக் கொல்லாத ஆன்டிபயாட்டிக்

என் வாதத்துக்கு வலுவான சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கே பரவலான மூச்சுநுண்குழல் அழற்சி என்ற கொடிய நோய் 1960களின் இறுதியில் அடையாளம் காணப்பட்டது. நோயாளிகள் நிறையச் சளி துப்புவார்கள். கடைசியில் சூடோமோனாஸ் குடியேறிக் கொன்றுவிடும். 1970களில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் 62.9 சதவீதம். அக்காலத்தில், வெளியூர் மருத்துவர் ஒருவர் நாளுக்கு 600 மில்லிகிராம் எரித்ரோமைசினை நெடுங்காலம் கொடுத்த ஒரு நோயாளி தேறியிருந்ததை ஜப்பானிய மருத்துவர் ஷோஜி குடோ கவனித்தார். குறைந்த அளவில் தொடர்ந்து எரித்ரோமைசின் தருவது பரவிய பின், 1985 முதல் 1990 வரை கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு பிழைத்தோர் 91.4 சதவீதமானார்கள்.

வியப்பு என்னவென்றால், அந்த அளவு எரித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாது. கிருமி இருந்தபடியே இருந்தவர்களும் பிழைத்தார்கள். மருந்து குறைத்தது நியூட்ரோஃபில் வரவை, சளிச் சுரப்பை, ஐஎல்-8 சமிக்ஞையை. கூடவே கிருமிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேதித்தொடர்பையும் அது குலைத்தது. மூச்சுக்குழல் விரிவு நோயிலும் இதே வழி பலித்தது. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் ஓராண்டு அசித்ரோமைசின் எடுத்த 43 பேரில் 20 பேருக்கு நோய் தீவிரமடைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 40 பேரில் 32 பேருக்கு.

நம் நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை. இம்மருந்தைத் தொடங்குமுன், காசநோய் வகையைச் சேராத மைக்கோபாக்டீரியா சளியில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இருந்தால் தனி மருந்தாகக் கொடுக்கும் அசித்ரோமைசின் அதற்கு எதிர்ப்பைக் கற்றுத் தந்துவிடும். இதயத்தின் இசிஜியையும் காதின் கேட்புத்திறனையும் பார்க்க வேண்டும். சளி என்றதும் லீவோஃப்ளாக்சசினை எழுதும் பழக்கம் இன்னும் கெடுதல். அது மறைந்திருக்கும் காசநோயைப் பாதி அடக்கி, கண்டறிவதைத் தள்ளிப்போடுகிறது.

6. அப்படியானால் எதிர்ப்பை அடக்கிவிடலாமா

கூடாது. சிஓபிடி நோயாளிகள் 6,112 பேரை மூன்றாண்டு கவனித்த டார்ச் ஆய்வு 2007இல் வந்தது. நுரையீரலுக்குள் இழுக்கும் ஸ்டீராய்டு கலந்த கூட்டுமருந்து பெற்றவர்களில் 19.6 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. வெற்றுமருந்து பெற்றவர்களில் 12.3 சதவீதத்தினருக்கு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நியூட்ரோஃபில்களை இழுக்கும் லூக்கோட்ரையீன் பி4 சமிக்ஞையை மறித்துப் பார்த்த ஒரு மருந்தாய்வை, நோயாளிகளுக்கு நுரையீரல் பாதிப்பு கூடியதால் நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. நியூட்ரோஃபில் வராமலே போனால் கிருமி வென்றுவிடும்.

பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. எதிர்ப்பொருள் சுரக்காத குறைபாட்டால் குழந்தைப் பருவத்திலேயே மூச்சுக்குழல் விரிந்தவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் வாழ்வே மாறும். ஆகவே இந்நோய் கண்ட ஒவ்வொருவருக்கும் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் ஒருமுறையாவது அளக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமைக்கான பரிசோதனையும் நம் நாட்டில் அவசியம். குறைபாடு உள்ளவரைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனைகள் வேண்டும். டானிக் அதற்கு ஈடாகாது.

7. நொதியை மட்டும் மட்டுப்படுத்துதல்

அப்படியானால் நியூட்ரோஃபில் வரட்டும், அதன் வெட்டும் நொதிகளை மட்டும் குறைக்க முடியுமா? இயற்கை இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. பாப்பிலான்-லெஃபேவ்ர் என்ற அரிய பரம்பரை நோயில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும். ஈறு நோயால் பற்கள் சிறுவயதிலேயே விழும். 1999இல் இதன் மரபணு அடையாளம் காணப்பட்டது. கத்தெப்சின் சி, அல்லது டிபிபி1, என்ற நொதி இவர்களிடம் வேலை செய்வதில்லை. மஜ்ஜையில் எலாஸ்டேஸையும் அதன் இரு தோழர்களையும் முடுக்கிவிடுவது அந்த நொதிதான். ஆகவே இவர்களின் நியூட்ரோஃபில்களில் எலாஸ்டேஸ் இல்லாததற்குச் சமம். இருந்தும் இவர்களில் பெரும்பாலோர் கடும் பாக்டீரியாத் தொற்றுகளால் சாவதில்லை.

இந்த அறிவிலிருந்து பிறந்தது பிரென்சோகாட்டிப் என்ற மாத்திரை. டிபிபி1ஐத் தடுப்பது அதன் வேலை. 1,721 பேரைக் கொண்ட ஆஸ்பென் ஆய்வு 2025இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.29 முறை நோய் தீவிரமடைந்தது. 10 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 1.02 முறை, 25 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 1.04 முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது பெரிய அற்புதமில்லைதான். ஆனால் கிருமியைத் தொடாமல், நம் வெள்ளணுவின் நொதியை மட்டும் குறைத்து இவ்வளவு கிடைத்திருக்கிறது. கோலின் சுழலுக்கு விசை எங்கே என்ற கேள்விக்கு இது நேரடியான சோதனைப் பதில் என்றே கருதுகிறேன்.

8. இங்கே என்ன செய்யலாம்

புதிய மாத்திரை நம் அரசு மருத்துவமனை மருந்தகத்துக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தேக்கத்தை நீக்கினால் விசை குறையும். குப்புறச் சாய்ந்து கிடத்தல், சுவாசச் சுழற்சிப் பயிற்சி, ஆழ்ந்து மூச்சிழுத்து ‘ஹ’ என்று ஊதிச் சளியைக் கொணர்தல் போன்றவை செலவில்லாதவை. உப்புக் கரைசலை நெபுலைசரில் இழுப்பதற்கும் பெரிய செலவில்லை. ஆனால் இவற்றைக் கற்றுத்தரப் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். நேரம் ஒதுக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளும் இந்த நோயாளிகளுக்கு உரியவை.

காசநோய் மருந்து முடியும் நாளிலேயே எக்ஸ்ரே ஒன்றும் ஸ்பைரோமெட்ரி ஒன்றும் எடுத்துவிடலாம். குகையோ விரிவோ இருப்பவருக்கு அன்றே சளி வெளியேற்றும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, அடுத்த வருகைக்குத் தேதி தரலாம். மருந்து தரும் அதே அறையில், அதே பணியாளரைக் கொண்டு இதைத் தொடங்க முடியும்.

இந்த அரங்கில் இருக்கும் முதுநிலை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சளியில் எலாஸ்டேஸ் எவ்வளவு என்பது அடுத்த தீவிரமடைதலையும் நுரையீரல் செயல்திறன் குறைவதையும் முன்கூட்டிச் சொல்கிறது என்று ஸ்காட்லாந்தின் டண்டியில் ஜேம்ஸ் சால்மர்ஸ் குழு காட்டியிருக்கிறது. அங்கே காசநோய்க்குப் பின் வந்த விரிவு நோய் குறைவு. இங்கே அப்படிப்பட்டவர்கள் நம் வார்டுகளில் நிறைந்திருக்கிறார்கள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது அவர்களின் சளியை எடுத்து அளந்து பாருங்கள்: எலாஸ்டேஸ் எவ்வளவு, மெட்டலோபுரோட்டினேஸ் எவ்வளவு, எந்தக் கிருமி, எந்த மாதத்தில் என்று. காசநோய்க்குப் பின்வரும் நோயில் நியூட்ரோஃபிலின் பங்கு மேலை நாட்டு நோயாளிகளிடம் உள்ளது போன்றதுதானா என்பதை அந்த அளவுகளே சொல்லும். பிரென்சோகாட்டிப் போன்ற மருந்து இங்கே யாருக்கு முதலில் போய்ச்சேர வேண்டும் என்பதையும் அவற்றைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும்.